பெயிண்ட்டா, பிரேக்கா?



இந்த மாதம் உங்களோடு பேசப் போவது பழைய வண்டியைப் பற்றி. "எழுப்புதல் பத்திரிகையில் ஒர்க் ஷாப் சமாச்சாரம் எதற்கு?" என்று கேட்கிறீர்களா? நம் வால்பாறையில் ஜீப் இல்லாமல் என்ன நடக்கிறது, சொல்லுங்கள். எஸ்டேட் லைனில் ராத்திரி ஒரு சகோதரிக்குப் பிரசவ வலி எடுத்தால் ஓடி வருவது ஜீப். கன்வென்ஷனுக்கு வாலிபர்களையும் மைக்செட்டையும் ஏற்றிக்கொண்டு போவதும் ஜீப். 1940-களின் கடைசியில் மகேந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்தது. மேடும் சேறுமான மலைத்தோட்டத்துக்கு ஏற்ற வண்டி என்று அன்று எடுத்த பெயர் இன்றும் போகவில்லை. அதனால்தான் இருபது முப்பது வருஷம் ஓடிய ஜீப்பையும் பிக்கப்பையும் வாங்கி, வாசலில் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தி, லீவு நாளில் தாங்களே கழற்றி மாட்டுகிற சகோதரர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள்.

இது நல்ல காரியம். அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். நம் கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு (1893-1974) வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் அதைக் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டி, வேலை கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒரு பஸ் விட்டுத்தான் அவர் தொழிலைத் தொடங்கினார். கையில் கிரீஸ் படுவது நம் பகுதிக்குக் கேவலமான வேலை இல்லை.

ஆனாலும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. வண்டி என்னுடையது. வாசல் என்னுடையது. காசும் என்னுடையது. அதை நான் எப்படிச் சரிசெய்தேன் என்பது அடுத்தவனுக்கு என்ன? இதற்கு வேதம் என்ன பதில் சொல்லுகிறது என்று பார்ப்போம்.

1. தெரிந்தவன் கணக்கு வேறு

யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றி ஒரு சட்டம் வருகிறது. ஒருவனுடைய மாடு திடீரென்று ஒரு ஆளை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டுக்காரன் மேல் குற்றமில்லை. அதே மாடு முன்னமே முட்டுகிற மாடாக இருந்து, அது அவனுக்குச் சொல்லப்பட்டும் அவன் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், அந்த உயிருக்கு அவன் பொறுப்பாளி. மாடு ஒன்றுதான், சாவும் ஒன்றுதான். தீர்ப்பை மாற்றியது எது? அவனுக்குத் தெரிந்திருந்தது!

வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டு வாங்குகிறவர், "மெக்கானிக் பார்த்துட்டேன்னு சொன்னாருங்க" என்று சொல்லலாம். வீட்டு வாசலில் தன் கையால் கழற்றியவருக்கு அந்தச் சாக்கு இல்லை. வீல் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே ஆயில் கசிந்திருந்ததைப் பார்த்த கண் அவருடைய கண். டை ராட் எண்டைப் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் தெரிந்த கை அவருடைய கை. திறந்து பார்த்தபின் "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தை நம் வாயிலிருந்து எடுபட்டுப் போகிறது.

"அப்படியானால் திறக்காமலே ஓட்டுவது நல்லது போலிருக்கிறதே!" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். உபாகமம் 22:8-ஐ எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்று அங்கே கட்டளை. அந்த மாடியிலிருந்து அதுவரை ஒருவரும் விழவில்லை. ஒருவரும் எச்சரிக்கவுமில்லை. ஆனாலும் மேலே ஆள் ஏறுவார்கள் என்று வீட்டுக்காரனுக்குத் தெரியும், அது போதும். ஆள் ஏறுகிற இடத்தைத் தன் கையில் வைத்திருக்கிறவன் பார்க்கவும் கடமைப்பட்டவன். பார்த்ததைச் சரிசெய்யவும் கடமைப்பட்டவன்.

2. மலை பெயிண்ட்டைப் பார்க்காது

நம் பாதை உங்களுக்குத் தெரியாததா? பொள்ளாச்சிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். அதில் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் வளைவு திரும்பினால் நடு ரோட்டில் வரையாடு நிற்கும், சில நேரம் யானையே நிற்கும். இந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும். அந்தச் சூடு வீல் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஏறும்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சீல் உடைக்காத புது டின்னில் இருக்கும் டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரைக்காவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் ஏறக்குறைய 4 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்கினால் அது அப்படியே தள்ளும். ஆவியை அமுக்கினால் சுருங்கிப் போகும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பல பழைய ஜீப்புகளில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். ஒரு இடத்தில் பைப் வெடித்தால் நாலும் போச்சு. வருஷத்தில் பல மாதம் மழையிலும் பனியிலும் நனைகிற நம் ஊரில் இந்த ஆயில் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நடப்பது என்ன? கையில் கொஞ்சம் காசு வந்ததும் முதலில் பெயிண்ட். அப்புறம் சீட் கவர், அப்புறம் பாட்டுப் பெட்டி. பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருஷம் என்று கேட்டால், "மேல ஊத்திக்கிட்டுத்தான் இருக்கோமுங்க" என்று பதில். டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கினால் இன்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும் என்று டிரைவர்மார் காலகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள்.

"பிரதர், எங்களுக்கு வருமானம் கொஞ்சங்க. எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த முடியுங்களா?" நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யக் கர்த்தர் கேட்கவில்லை. எது முதலில் என்றுதான் கேட்கிறார். மத்தேயு 23-ல் பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குகிறவர்களைப் பார்த்து, உட்புறத்தை முதலாவது சுத்தமாக்கும்படி ஆண்டவர் சொன்னார். பிரேக், ஸ்டியரிங், டயர், லைட் இந்த நாலும் முதலில். பெயிண்ட் அடுத்த வருஷம் வரட்டும். துருப்பிடித்த கதவோடு ஓடுகிற வண்டியால் நமக்குக் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். பிரேக் இல்லாத வண்டியால் இன்னொருவர் வீட்டில் சாவு. நம் வண்டியில் ஏறுகிறவர் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு ஏறுவதில்லை. நம் முகத்தைப் பார்த்து ஏறுகிறார்.

3. கண்ணாடியில் ஒட்டிய சங்கீதம்

இப்போது நமக்குள்ளே மட்டும் பேச வேண்டிய ஒரு விஷயம். நம் ஜனங்களின் வண்டிகளில் முன் கண்ணாடியில் சங்கீதம் 91 ஒட்டியிருக்கும். நல்லது, ஒட்டுங்கள். ஜெபம் பண்ணாமல் வண்டியை எடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சங்கீதத்தை ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? பிசாசு! மத்தேயு 4-ம் அதிகாரத்தில் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, தூதர்கள் தாங்குவார்கள், கீழே குதி என்று அவன் காட்டிய வசனம் சங்கீதம் 91-ல் உள்ளதுதான். வசனம் மெய்யானது. ஆனால் குதிப்பதற்கு அதைக் காட்டியது தந்திரம். தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டார்.

தேய்ந்த டயரோடு, கசிகிற சிலிண்டரோடு, தெரிந்தே 40 வளைவு இறங்கிவிட்டு, "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லுவது விசுவாசமா? தேவாலய உச்சியிலிருந்து குதிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே குதிக்கச் சொல்லப்பட்டவர் ஒருவர். இங்கே பின்சீட்டில் இருக்கிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குதிக்கிறோம்.

நெகேமியாவின் ஜனங்கள் சத்துருக்களுக்கு விரோதமாக ஜெபித்துவிட்டுத் தூங்கப் போகவில்லை. காவல் ஆட்களையும் நிறுத்தினார்கள். மேலிருந்து பாறை உருளுமா, வளைவுக்கு அப்பால் யானை நிற்குமா, இதெல்லாம் நம் கைக்கு எட்டாதது. அதற்காக முழங்கால் போடுவோம். நம் கைக்கு எட்டியதை ஸ்பானர் எடுத்துச் செய்வோம். அந்த ஸ்பானரைப் பிடிக்கிற கைக்காகவும் ஜெபிப்போம்.

4. விற்கிற அன்று

அடுத்து, விற்பனை. துருத் தின்ற தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது ஒரு வழி. ஓட்டையை அடைத்து, மேலே பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடிப்பது இன்னொரு வழி. பார்வைக்கு இரண்டும் ஒன்று. காந்தத்தை வைத்துப் பாருங்கள், பட்டி கனமாகப் பூசின இடத்தில் ஒட்டாது. சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், துருத் தின்றது தொப்பென்று சொல்லும். பெயிண்ட் பொய் சொன்னாலும் இரும்பு பொய் சொல்லாது.

வாங்க வருகிறவர் கேட்கிறார்: "வண்டி எப்படிங்க பிரதர் இருக்கு?" பதில் வருகிறது: "கர்த்தருடைய கிருபையால நல்லா ஓடுதுங்க!" பிரியமானவர்களே, பட்டிக்கு மேல் பூச வேறு பெயிண்ட் கிடைக்காமல் கர்த்தருடைய நாமத்தையா எடுப்பது?

"அவர் கேட்கலை, நான் சொல்லலை. பொய் எங்கே சொன்னேன்?" என்பார்கள். அப்போஸ்தலர் 5-ல் அனனியா விற்றது அவனுடைய சொந்த நிலம். விற்கும் முன்பும் அது அவனுடையது, விற்ற பணமும் அவன் அதிகாரத்தில் இருந்தது என்று பேதுருவே ஒத்துக்கொள்ளுகிறார். சொந்தப் பொருள் என்பதில் தகராறு இல்லை. ஒரு பங்கை மறைத்து வைத்து, முழுசும் இதுதான் என்று காட்டியதில்தான் பிடிபட்டான். எப்.சி. காட்டுகிற அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிவிட்டு, சாயங்காலம் வழுக்கை டயரைத் திரும்ப மாட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டிக்கு 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. அதிகாரி என்றைக்கோ ஒரு நாள் பார்க்கிறார். மலை தினமும் பார்க்கிறது. எல்லாவற்றையும் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

உள்ளதைச் சொல்லி விற்றால் விலை குறையும், உண்மைதான். குறைகிற அந்தப் பணம் வாங்குகிறவருடைய பணம். சிலிண்டரும் சேஸியும் சரிசெய்ய அவருக்கு அது வேண்டும். அதை நாம் எடுத்துக்கொண்டால் அதற்கு வேதத்தில் வேறு பெயர் இருக்கிறது.

5. எதுவரைக்கும்?

லேவியராகமம் 14-ல் வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் செய்ய வேண்டியதைக் கர்த்தர் படிப்படியாய்ச் சொல்லியிருக்கிறார். ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும். ஏழு நாள் பூட்டி வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பரவியிருந்தால் கெட்ட கல்லைப் பெயர்த்து, உள்ளே சுற்றிலும் செதுக்கி, வேறு கல் வைத்துப் பூச வேண்டும். கவனியுங்கள்: செதுக்கினபின்தான் பூச்சு! அதற்கப்புறமும் தோஷம் திரும்ப வந்தால்? அந்த வீட்டை இடித்து, கல்லையும் மரத்தையும் ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

ஆகவே எடுத்த எடுப்பில் இடி என்று கர்த்தர் சொல்லவில்லை. பழையதைச் சரிசெய்ய முழு வாய்ப்பும் கொடுத்தார். ஆனால் ஒரு எல்லையும் வைத்தார். அப்பா ஓட்டிய ஜீப், கல்யாணத்துக்குப் போன ஜீப் என்று நமக்குப் பாசம் இருக்கும். சேஸி உள்ளுக்குள் அரித்துப்போய், வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப விரிசல் விடுகிறது என்றால், அந்தப் பாசத்துக்காக இன்னொருவருடைய பிள்ளையை அதில் ஏற்ற நமக்கு உரிமையில்லை. இன்னொருவருக்கு ஓட்டுவதற்கு என்று விற்கவும் உரிமையில்லை. பழைய இரும்புக்குப் போடுவதும் சில நேரம் கீழ்ப்படிதல்தான்.

பிரியமானவர்களே, எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோம். நல்லது. கூட்டத்தில் கண்ணீர் வருகிறது, அந்நிய பாஷை வருகிறது, ஸ்தோத்திரம்! வீட்டுக்கு வந்து சுத்தியலால் தட்டினால் நம் ஜீவியம் கணீரென்று பேசுமா? நாம் பூசினதை ஆவியானவர் செதுக்கும்போது வலிக்கும். செதுக்க விட்டுக்கொடுப்போம். செதுக்கின அடையாளம் முதலில் ஜெபக்கூட்டத்தில் தெரியாது. வண்டி விற்கிற இடத்திலும், பிரேக் ஆயில் வாங்குகிற கடையிலும் தெரியும்.

வீட்டில் வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்தச் சனிக்கிழமை சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். தெரிந்ததைத் தள்ளிப் போடாதீர்கள். கையில் காசு இல்லையென்றால் சபையில் சொல்லுங்கள். அந்த வண்டியில் ஏறினவர்கள்தானே நாம் எல்லாரும்.

அன்புள்ள பிதாவே, நாங்கள் பூசி மறைத்ததையெல்லாம் எங்களுக்குக் காட்டும். காட்டினதைச் சரிசெய்யப் பெலன் தாரும். இந்த மலையில் ஏறி இறங்குகிற ஒவ்வொருவரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். எங்கள் கைகளையும் உமக்கென்று உண்மையுள்ளதாக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.