அச்சும் உருவமும்: பிறப்புமுறை பற்றிய ஒரு வினா

எல்லா வகையிலும் ஒன்றையொன்று ஒத்த இரு பொருள்கள் வெவ்வேறு வழிகளாற் பிறந்திருப்பின், அவற்றை ஒன்றேயெனக் கொள்ளத்தகுமா? இவ்வினா மெய்யியலுக்குப் புதியதன்று. குடத்தில் நீர் நின்றாற் போதும், அது வனையப்பட்ட விதம் குயவனின் கவலை என்று இதனை ஒதுக்கிவிடுவாரும் உளர். ஆயின், மெய்யியலாளர் கைவிட்டாலும் பொறியியலாளர் கைவிட முடியாதவாறு இவ்வினா எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தலைதூக்கியுள்ளது. பரமானமுறைக் கணினி வடிவமைப்பே அவ்விடம்.

பழைய வரைபடப் பலகையில் வரையப்பட்ட கோடு கோடு மட்டுமே. அது ஏன் அவ்விடத்தில் அந்நீளத்துடன் நிற்கின்றது என்பதை வரைந்தவர் மனம் அறியும், தாள் அறியாது. 1963இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாந்து தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக ஆக்கிய 'ஸ்கெச்பாட்' இந்நிலையை மாற்றியது. கோணலாக வரையப்பட்ட இரு கோடுகளைச் சமாந்தரமாக்குமாறு பணித்தால், கணினி அவற்றைத் திருத்தியதோடு அமையாது அத்தொடர்பையும் நினைவிற் கொண்டது. 1980களின் பிற்பகுதியில் 'புரோ எஞ்சினியர்' போன்ற மென்பொருள்களோடு இச்சிந்தனை தொழிற்சாலைகளுட் புகுந்தது. இம்முறையிற் சேமிக்கப்படுவது உருவம் மட்டுமன்று. உருவம் பிறந்த கதையுமாகும். ஒரு தளத்தில் வரைவு, அவ்வரைவின் அளவுகளாகிய பரமானங்கள், கோடுகளுக்கிடையிலான கட்டுப்பாடுகள், வரைவைத் திண்மமாக்கும் செயல் என அக்கதை தொடரும். ஓர் அளவை மாற்றினால் கணினி அக்கதையை மீளச் சொல்லிப் புதிய உருவத்தைத் தரும்.

எளிய உருளை ஒன்றை நோக்குக. வட்டம் ஒன்றை வரைந்து அதனை நேராக நீட்டியும் உருளையைப் பெறலாம். செவ்வகம் ஒன்றை வரைந்து அதன் ஒரு பக்கத்தை அச்சாக்கி 360 பாகை சுழற்றியும் பெறலாம். கனவளவு, மேற்பரப்பு, திணிவு யாவும் இரண்டிலும் ஒன்றே. கண்ணாலோ அளவுகோலாலோ இவற்றை வேறுபடுத்த இயலாது. ஆயினும் செவ்வகத்தின் மறுபக்கத்தைச் சற்றே சரித்தால் இரண்டாவது உருளை உடனே கூம்பின் துண்டமாகும். செவ்வகத்தை அச்சிலிருந்து விலக்கினால் நடுவே துளையுள்ள குழாயாகும். முதலாவது உருளையின் வரைவில் இம்மாற்றங்களுக்கு இடமில்லை. அவற்றை வேறு செயல்களாற் சேர்க்கவேண்டும். இன்று ஒன்றாகத் தோன்றுபவை நாளை எவையாக மாற வல்லவை என்பதில் வேறுபடுகின்றன.

இச்சுழற்சியில் அச்சின் நிலை விந்தையானது. வரைவின் தளத்திலேயே அது கிடத்தல் வேண்டும்; வரைவு அதனைக் குறுக்கே கடத்தல் ஆகாது. இவ்வளவு கட்டாயமான அச்சு, முடிந்த பொருளில் எங்கும் இல்லை. குழாயின் அச்சு வெற்றிடத்தின் ஊடாகவே செல்கின்றது. சைவ சித்தாந்திகள் குடத்தை எடுத்துக்காட்டாக்கி மண்ணை முதற்காரணம், தண்டசக்கரத்தைத் துணைக்காரணம், குயவனை நிமித்த காரணம் எனப் பகுப்பர். அச்சை இம்மூன்றில் எதனுள் அடக்குவது? அது மண்ணன்று. சக்கரத்தில் அச்சு உண்டெனினும் சக்கரமே அச்சன்று. சக்கரமில்லாத கணினித் திரையிலும் அச்சு இருக்கின்றதன்றோ. எல்லாம் அசையும்போது எது அசையாது நிற்கவேண்டும் என்ற தீர்மானமே அச்சு என்றால், அதனை நிமித்த காரணத்தின் பக்கத்தில், அஃதாவது குயவனின் கருத்தில், வைத்தெண்ணுவதே பொருந்தும்.

கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட்டு இதனை உணர்ந்திருந்தார் போலும். தமது முதலாம் நூலில் வட்டத்தை மையத்திலிருந்தான சமதூரத்தைக் கொண்டு வரையறுத்த அவர், பதினோராம் நூலிற் கோளத்தை அவ்வாறு வரையறுக்கவில்லை. நிலைத்து நிற்கும் விட்டத்தைச் சுற்றி அரைவட்டம் ஒன்று சுழன்று தொடங்கிய இடத்தை அடையும்போது அடைபடும் உருவே கோளம் என்றார். அசையாது நின்ற அக்கோட்டையே கோளத்தின் அச்சு என்றார். 1677இல், ஸ்பினோசா மறைந்த பின், வெளிவந்த அவரது முற்றுப்பெறாத நூலொன்றும் இதே அரைவட்டத்தை எடுத்துக்கொள்கின்றது. ஒரு பொருளின் இயல்பு ஒன்றைக் கூறுவது அதனை வரையறுத்தலாகாது, அது தோன்றும் காரணத்தை வரையறை சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. இயற்கையில் எந்தக் கோளமும் அரைவட்டம் சுழன்று உண்டாகவில்லை என்பதை அவர் அறிவார். அக்காரணம் நாமாகக் கற்பித்துக்கொண்டதே. எனினும் அதனாற் பெறும் கோளம் பற்றிய எண்ணம் மெய்யானது என்பார். இஃது ஆழ்ந்து நோக்கற்பாலது. பிறப்புக் கதை ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்றும், தேர்ந்துகொள்ளும் உரிமை சிந்திப்பவனுக்கு உண்டென்றும் இதனாற் பெறப்படும். உரிமை உள்ள இடத்திலேயே பொறுப்புப் பற்றிய வினாவும் எழுகின்றது.

வரைவைத் தன் தளத்திலேயே சுழற்ற முற்படுவோர் முதன்முதலில் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். செவ்வகம் ஒன்றின் பக்கங்களுக்குக் கிடை, நிலைக்குத்து என்ற கட்டுப்பாடுகளை இட்டபின் அதனை 30 பாகை திருப்ப முயன்றால், மென்பொருள் மறுக்கும். அல்லது கட்டுப்பாடுகளைக் கைவிடும்படி கேட்கும். பழகாதவர் இதனைக் கருவியின் பிடிவாதம் எனச் சலித்துக்கொள்வர். பிடிவாதம் கருவியினுடையதன்று. செங்கோணமும் எதிர்ப்பக்கச் சமாந்தரமும் செவ்வகத்தின் தன்னியல்பு. கிடையாக இருத்தலோ ஆள்கூற்று அச்சுகளிடமிருந்து கடன்பெற்ற தொடர்பு. அவ்வச்சுகளும் வழக்கினால் அமைந்தவையே. சில மென்பொருள்கள் Z அச்சை மேனோக்கி நிறுத்தும். சில Y அச்சை நிறுத்தும். தன்னியல்பான கட்டுப்பாடுகளை மட்டும் இட்டுச் சாய்வை ஒரு பரமானமாகத் தந்திருந்தால், சுழற்சி என்பது ஓர் எண்ணை மாற்றுவது மட்டுமே. தனக்கு உரியதையும் தான் நிற்கும் சட்டகத்துக்கு உரியதையும் பிரித்தறியாதவனுக்குச் சுழற்சி கலகமாகத் தோன்றுகின்றது.

இது வெறும் வசதிக்குறைவு. இதனிற் கொடியது ஓசையின்றி நிகழ்வது. தண்டுகளை இணைக்கும் பிளாஞ்சு எனும் வட்டத் தட்டு ஒன்றை எண்ணுக. விட்டம் 120 மி.மீ.; நடுவிற் தண்டுக்குரிய துளை; சுற்றிலும் 90 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஆறு போல்ட்டுத் துளைகள். ஒருவர் தட்டின் மையத்தையே அச்சாகக் கொண்டு முதற்துளையை 60 பாகை இடைவெளியிற் சுழற்றிப் பெருக்குகின்றார். மற்றவர் அவசரத்தில், இடது விளிம்பிலிருந்து 15 மி.மீ. தூரத்தில் முதற்துளையையும், அதே விளிம்பிலிருந்து 60 மி.மீ. தூரத்தில் அச்சையும் வைக்கின்றார். இரண்டும் ஒரே தட்டு. பின்பு வேறொருவர் விட்டத்தை 121 ஆக்குகின்றார். மையம் நிலைத்து நிற்க, இடது விளிம்பு அரை மி.மீ. அகல்கின்றது. முதலாமவர் தட்டில் எல்லாம் ஒழுங்காகவே உள்ளது. இரண்டாமவர் தட்டில் ஆறு துளைகளும் ஒன்றாக அரை மி.மீ. நகர்ந்துவிட்டன. திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லை, கண்ணுக்கும் புலப்படாது. தண்டு சுழலும்போதே வேறுபாடு தெரியவரும்.

இரண்டாமவர் பொய் சொன்னாரா? அவர் தந்த எண்கள் அனைத்தும் தந்த அன்று சரியானவை. பிளேட்டோவின் 'மெனோ' இதற்கு விடைகாண உதவும். லாரிசாவுக்குச் செல்லும் வழியைச் சரியாக ஊகித்தவனும் அறிந்தவனைப் போலவே வழிகாட்டக்கூடும் என்று அங்கே சோக்கிரதீசர் ஒப்புக்கொள்கின்றார். ஆனால் சரியான ஊகங்கள் தேதலசின் சிலைகளைப் போன்றவை. காரணத்தாற் கட்டிவைக்காவிடில் ஓடிவிடும் என்கிறார். கட்டுப்பாடு என்ற பெயரை மென்பொருளாளர் வேறெதனைக் கருதி இட்டாலும், அதன் பணி இக்கட்டுதலே. இரண்டாமவர் சிலையைக் கட்டாமல் விடவில்லை. தவறான தூணிற் கட்டினார். துளைகள் இடது விளிம்பைச் சார்ந்தவை என்பது அவர் கருத்தன்று. எனினும் அவர் கையளித்த மாதிரியுரு அவ்வாறே கூறிக்கொண்டிருக்கின்றது.

பட்டறைக்கு வேண்டியது இறுதி உருவமே, கடைசல் இயந்திரம் கதை கேட்பதில்லை என்பது ஓர் எதிர்வாதம். ஒரு முறை செய்து ஒழியும் பொருளுக்கு அது பொருந்தும். ஆனால் பரமானமுறை மாதிரியுரு மாற்றப்படுவதற்கென்றே ஆக்கப்படுவது. இதனினும் வலிய வாதம் வேறொன்று: எதிர்கால மாற்றங்கள் அனைத்தையும் எவராலும் முன்னறிய முடியாது, முன்னறியாததற்கு எவரும் பொறுப்பாளியாகார். இதில் உண்மை உண்டு. கருவியின் குறையும் சில வேளை குறுக்கிடுகின்றது. கட்டற்ற மென்பொருளான ஃபிரீகேட்டில், ஒரு திண்மத்தை மாற்றும்போது அதன் முகங்களின் எண்கள் தாமே மாறி, ஒரு முகத்தைச் சார்ந்திருந்த வரைவு வேறு முகத்திற்குத் தாவும் குறை நெடுங்காலம் நிலவியது. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பே அதனைப் பெரிதும் தணித்தது. அத்தகைய தாவலுக்கு வடிவமைத்தவரைக் குறைகூறுதல் அநீதி. பிளாஞ்சின் அச்சு அவ்வகையைச் சேர்ந்ததன்று. விட்டம் மாறும் என்பதை முன்னறிய வேண்டியதில்லை. சுழலும் பொருளில் எது நடு என்பதை அன்றே அறிந்திருந்தாற் போதும். அவர் அதனை அறிந்தும் இருந்தார்.

அம்மாதிரியுருவைப் பல ஆண்டுகளின் பின் திறப்பவர், ஆக்கியவரைக் கண்டறியார். செயல்களின் பட்டியலில் துளையைத் தெரிவுசெய்யும்போது அவருக்குக் கிடைப்பது 'இடது விளிம்பிலிருந்து 15' என்ற ஒரே வரி. அது பொறியியற் காரணமா, ஒரு மாலை நேரத்து அவசரமா என்பதைக் கூற அவ்வரிக்கு வழியில்லை. அவர் அதனை நம்பி அடுத்த எண்ணை மாற்றுகின்றார்.