இரண்டாவது அடி

வடஇந்திய நகரம் ஒன்றில் வாழும் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் தனியே பேச விரும்பினார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், கதவை உடைத்துக் கத்தியுடன் நுழைந்த ஒருவனை அவர் தடியால் அடித்து வீழ்த்தினார். கத்தி கைநழுவித் தரையில் விழுந்தது. அதன் பின்னும் ஒருமுறை ஓங்கி அடித்தார். அவன் நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தான். "முதல் அடியைப் பற்றிக் கலக்கம் இல்லை, மகராஜ். ஜபத்தில் அமரும்போது இரண்டாவது அடிதான் எதிரே வருகிறது" என்றார்.

இங்கே நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் காஜிப்பூர் பவஹாரி பாபா. திருடன் அஞ்சிப் போட்டுவிட்டு ஓடிய மூட்டையைச் சுமந்து, அவன் பின்னாலேயே நெடுந்தூரம் ஓடி, அவனிடமே ஒப்படைத்த மகான். இதைப் பக்தியோடு எழுதிய சுவாமி விவேகானந்தரே, கர்மயோகச் சொற்பொழிவுகளில், பகைவனை எதிர்த்து நிற்பது இல்லறத்தானின் கடமை என்கிறார். முரண்பாடு இல்லை. பாபா விட்டுக்கொடுத்தது தம் பொருளை. அடுத்த அறையில் உறங்கும் குழந்தையின் உயிரை விட்டுக்கொடுக்கும் உரிமை தகப்பனுக்கு இல்லை.

அப்படியானால் எல்லை எது? கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் கௌரவர்களை 'ஆததாயிகள்' என்கிறான். ஆயினும் அவர்களைக் கொன்றால் பாவமே சேரும் என்றும் அஞ்சுகிறான். மொழிபெயர்க்கும்போது இச்சொல்லைக் 'கொடியவர்' என்று எழுதிவிடுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். வேர்ப்பொருளோ 'வில்லை வளைத்து வருபவன்' என்பது. கொடுமை ஒரு குணம். வளைத்த வில் ஒரு நிலை மட்டுமே. கொல்ல வரும் ஆததாயி குருவேயாயினும் தயங்காது கொல்லலாம் என்கிறது மனுஸ்மிருதி. பொருளைப் பறிப்பவனையும் ஆததாயிகளின் பட்டியலில் சேர்க்கும் தர்மநூல் உண்டு. அதைக் கொண்டு எந்தத் திருடனையும் கொல்லலாம் என்று வாதிடுவோரை என்னால் ஏற்க இயலவில்லை. வில் தளர்ந்தபின் அவன் ஆததாயி அல்லன், பிடிபட்ட மனிதன்.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே பிரிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவின்படி, கொள்ளையையும் இரவில் வீட்டை உடைத்து நுழைவதையும் தடுக்கும் தற்காப்புரிமை, உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளலாம். வெறும் திருட்டுக்கு, மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தாலன்றி நீளாது. எங்கும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்கிறது 37-ஆம் பிரிவு. 1860-ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டமும் பெரும்பாலும் இதையே சொன்னது. ஆபத்தில் சிக்கியவனின் செயலைத் தங்கத் தராசில் நிறுக்கலாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. இருட்டில், நடுங்கும் கையில், அடிகளை எண்ணிக்கொண்டு எவர் அடிப்பார்?

இதைச் சொல்லி அன்பரைத் தேற்ற முயன்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "கத்தி விழுந்த ஓசை எனக்குக் கேட்டது, மகராஜ்."

அதற்குமேல் தேற்றுவது பொய்யாகிவிடும். பிராயச்சித்தம் அந்த ஓர் அடிக்கு மட்டுமே, முதல் அடியையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம் என்றேன். அந்த மனிதன் இன்று எங்கே, எப்படி இருக்கிறான் என்று விசாரிக்கத் தொடங்கியிருப்பதாக அண்மையில் கடிதம் எழுதியிருந்தார்.