காலம் ஒன்று, உபாதி இரண்டு

காலம் ஒன்றா பலவா என்ற வினாவுக்கு, அது எங்கும் நிறைந்த ஒரே பொருள் என்றும், கணம், நாள், மாதம் என்னும் பிரிவுகள் கதிரவனின் இயக்கம் முதலிய உபாதிகளால், அதாவது வெளியிலிருந்து வந்து சேரும் சார்புகளால், தோன்றுபவை என்றும் வைசேடிகம் என்னும் இந்தியத் தத்துவப் பிரிவு விடை கூறுகிறது. விண்டோசும் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினியில் இவ்விடையின் ஆழம் புலப்படுகிறது.

கணினி அணைந்திருக்கும்போதும், மதர்போர்டிலுள்ள சிறு கடிகாரம் 3 வோல்ட் பட்டன் பேட்டரியின் துணையால், வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடுகிறது. ஆண்டு முதல் வினாடி வரையிலான எண்களைக் காக்கும் அது, அவை எந்த ஊரின் நேரம் என்பதைக் காப்பதில்லை. விண்டோஸ் அவற்றை உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரமாகவும் கொள்கின்றன.

ஆகவே இந்தியாவில் விண்டோஸ் எழுதிவைத்த மாலை 6 மணியை லினக்ஸ் பொது நேரமாகக் கருதி, இந்திய நேரத்தின் வேறுபாட்டைக் கூட்டி, இரவு 11.30 என்று கொண்டு, கோப்பு முறைமையைத் திறந்த நேரமாக அதையே வட்டில் பதித்துவிட்டு, பின்னர் இணையத்தின் வழியே சரியான நேரத்தைப் பெற்றுக் கடிகாரத்தைத் திருத்துகிறது. இரவு 8 மணிக்கு லினக்ஸ் மறுபடியும் தொடங்கப்பட்டால், முன்பு திறந்த நேரம் இனி வரவேண்டிய நேரமாக நிற்கும். நடந்து முடிந்தது எதிர்காலத்தில் கிடப்பதை ஏற்க இயலாத, லினக்சின் வட்டுச் சோதனை நிரல், பழைய பதிப்புகளில், வட்டு முழுவதையும் ஐயுற்று ஆராயப் புகுந்ததால் தொடக்கம் நீண்டது. பின்னாளில் 24 மணி நேரம் வரையிலான முரணைப் பொறுக்கும்படி அந்நிரல் மாற்றப்பட்டது.

வைசேடிகத்தின் மூலநூலாகக் கணாதர் பெயரால் வழங்கும் சூத்திரங்கள், காலம் உண்டென்று அனுமானிப்பதற்குரிய அடையாளங்களாக முன், பின், ஒருங்கு, தாமதம், விரைவு என்பவற்றைக் கூறுகின்றன. எண் அவற்றுள் இடம்பெறவில்லை என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஏனெனில் கணினி இங்கே இழந்தது எண்ணை அன்று, முன்பின் என்னும் முறையையே.

பொது நேரமும் மனிதர் தம்முள் இசைந்து வகுத்த உபாதியே ஆதலால், அதனைக் காலத்தின் மெய்யுருவாகக் கொள்வது பொருந்தாது. ஆயினும் அது முன்பின்னைக் குலைப்பதில்லை. கோடை நேரம் கடைப்பிடிக்கும் நாடுகளிலோ, இலையுதிர் பருவத்தில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் இரவில் ஒரே உள்ளூர் மணி இருமுறை வருவதால், எண்ணை மட்டும் காக்கும் கடிகாரத்தால் முதலாவதையும் இரண்டாவதையும் பிரித்தறிய இயலாது. எனவே கடிகாரத்தில் பொது நேரத்தை வைத்து, ஊரின் சார்பைத் திரையில் காட்டும்போது மட்டும் சேர்க்குமாறு இரு இயங்குதளங்களையும் அமைப்பதே தக்கது. விண்டோசின் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்னும் மதிப்பை 1 ஆக்குவதால் அது கைகூடுகிறது.