உட்பக்கம் திரும்பிய கடிகாரம்

கடிகாரத்தின் முகம் உட்பக்கம் திரும்பியிருந்தது. மணிக்கட்டின் மேலே கறுப்பு வார் மட்டும்தான் தெரிந்தது. எண்களும் முட்களும் உள்ளங்கைப் பக்கம் மறைந்திருந்தன. கடிகாரம் என்னுடையது. கை யாருடையது என்று எனக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாசிக்குடாவுக்குப் போனோம். எங்கள் ஊர் நமுனுகுலையிலிருந்து பசறைக்கு இறங்கினால் வழி தேட வேண்டிய வேலை இல்லை. லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று அந்த ஏ5 வீதி செங்கலடியில் போய்த்தான் நிற்கும். அங்கிருந்து வடக்கே திரும்பி வாழைச்சேனை, பிறகு கடல். வாடகை வேனில் நான், மனைவி, பிள்ளைகள், தம்பி, மச்சான், அம்மா. அம்மாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. கடலைக் கிட்டத்தில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

கரையில் பாயை விரித்தோம். போன்கள், பணப்பைகள், மச்சானின் மோதிரம், என் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அம்மாவின் மடியில் வைத்தோம். யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. "அம்மா இருக்காங்கதானே" என்று மட்டும் யாரோ சொன்னார்கள். நானாகவும் இருக்கலாம்.

பாசிக்குடாவில் கடல் ஆழமில்லை. வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. அந்தத் தைரியத்தில் நடந்துகொண்டே போய், திரும்பிப் பார்த்தபோது பாயில் அம்மா இல்லை. வேறு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். எங்கள் பை அவர் மடியில் இருந்தது. அம்மா கொஞ்சம் தள்ளி, சேலை நனைய, அலை வந்து போகும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி வந்தேன். கரை ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது அந்த மணிக்கட்டும் அதில் உட்பக்கம் திரும்பியிருந்த என் கடிகாரமும்தான். "யாரு என்னான்னு தெரியாத ஆளுகிட்ட இப்படியா குடுக்கிறது?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் பெண்மணி சிங்களவர். தமிழ் தெரிந்திருக்காது, ஆனால் திட்டுவதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. வாரைக் கழற்றினார். இரண்டு கையாலும் கடிகாரத்தை நீட்டினார். அம்மா பக்கம் பார்த்து "அக்கே" என்று தொடங்கி ஏதோ சொல்லிவிட்டு எழுந்தார்.

நான் பையைத் திறந்து எண்ணினேன். எல்லாம் இருந்தது. அவர் நாலடி நகர்வதற்குள் எண்ணி முடித்திருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். எதுவும் தொலையவில்லை, யாரும் அழவில்லை. ஆனாலும் அந்தத் திரும்பிய கடிகாரம் என்னை விடுவதாக இல்லை. ஏன் உட்பக்கம்? பழைய காலத்துப் பெண்கள் பலர் அப்படிக் கட்டுவார்கள். அந்தப் பழக்கமாக இருக்கலாம். போகிறவர் வருகிறவர் கண்ணில் விலையுள்ள பொருள் படக்கூடாது என்று மறைத்திருக்கலாம். என்னைவிடப் பொறுப்பாகக் காவல் காத்திருக்கிறார் என்று அர்த்தம். அல்லது... இந்த "அல்லது"வைத்தான் நான் அன்று கரையில் வைத்து நினைத்தேன். அவர் பேசிய மொழி என் மொழியாக இருந்திருந்தால் அதை நினைத்திருப்பேனா? கொஞ்சம் குறைவாக நினைத்திருப்பேன். அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை எழுதிப் பிரயோசனமில்லை.

திரும்பி வரும்போது மகா ஓயா வரைக்கும் அம்மா பேசவில்லை. பிறகு, யன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "ஒன்னையே ஒருத்தி கையில குடுத்துட்டுத்தான்டா நான் மலைக்குப் போனேன்."

பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் புள்ளக்காம்பராவைச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகிற அவசரம். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய கூலிக்குப் பேர் விழாது. அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயம்மாவிடம் விட வேண்டும். வரிசையாகக் கட்டிய தொட்டில்கள், டெட்டோலும் பால்மாவும் மூத்திரமும் கலந்த ஒரு மணம். எனக்கு அந்த மணம் உண்மையிலேயே ஞாபகமா, பிறகு தங்கைகளைக் கொண்டுபோய் விட்டபோது ஒட்டிக்கொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா என்னை அங்கே விட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு, நமுனுகுலைச் சரிவில் ஏறிப் போயிருக்கிறார். பால் கொடுக்க ஒரு தடவை இறங்கி வருவாராம். மற்ற நேரமெல்லாம் நான் இன்னொருத்தி கையில்.

மலையிலும் அப்படித்தான். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கழற்றிய சுவெட்டரையும் மலையோரத்துத் தேயிலைச் செடி மேலேயே வைத்துவிட்டுப் போவார்கள். காவலுக்கு ஆளில்லை. மத்தியானம் வந்து அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொள்வார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்குக் கடற்கரையில் பக்கத்துப் பாயில் இருந்தவர் அந்நியராகத் தெரியவில்லைபோலும். பசறைச் சந்தையில் பழகிய சிங்களத்தில் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். அது போதுமாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். படிக்காத தாய், நம்பிக்கை, படித்த மகன், சந்தேகம். ஆனால் அது அவ்வளவு நேராக இல்லை. பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டது நம்பிக்கையா? விடாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. வேறு வழியில்லாமல் செய்ததை நம்பிக்கை என்று பிறகு நாங்கள் பேர் சூட்டிக்கொள்கிறோமா?

காவல் இருந்த அனுபவம் எனக்கும் உண்டு. எட்டு, ஒன்பது வயதில் கதிர்காமத் திருவிழாவுக்குக் கூட்டிப் போனார்கள். மாணிக்க கங்கையில் எல்லாரும் குளிக்க இறங்கினார்கள். துணி மூட்டையின் மேல் என்னை உட்கார வைத்து, அப்பா தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். கடைசி ஓட்டையில் மாட்டியும் அது நிற்கவில்லை. முழங்கைக்கு ஓடும், கீழே வரும், முகம் உள்ளே திரும்பிக்கொள்ளும். நான் திரும்பத் திரும்ப அதை மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஆயிரம் பேர் அந்த ஆற்றில் நின்றார்களோ, யானை வந்ததா, காவடி வந்ததா, ஒன்றும் ஞாபகமில்லை. என் பக்கமாக வந்த ஒவ்வொருவர் கையும் ஞாபகமிருக்கிறது. அன்றைக்கு ஆற்றங்கரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கள்ளர்கள்தான்.

காவலுக்கு எப்போதும் சிறியவர்களையும் வயதானவர்களையும்தான் உட்கார வைக்கிறோம். அம்மாவும் அன்று பாயில் உட்கார்ந்து ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் கடலைப் பார்த்திருக்கிறார்.

தண்ணீரையும் பொன்னையும் சேர்த்து நினைக்கும்போது பெரிய புராணத்தில் சுந்தரர் கதை ஒன்று வருகிறது. சின்ன வயதில் கோயில் திண்ணையில் கேட்டது. பிறகு எங்கோ படித்தது. திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் 12,000 பொன் பெறுகிறார் சுந்தரர். அவ்வளவையும் திருவாரூருக்கு எப்படிச் சுமப்பது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, ஆரூரில் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. அப்படியே ஆற்றில் போடுகிறார். ஊருக்கு வந்து குளத்தில் இறங்கித் தேடும்போது மனைவி பரவையார் சிரிக்கிறார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே! பாடுகிறார், பொன் கிடைக்கிறது.

கதையில் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு ஒரு சின்ன விஷயம். பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் அதில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு வைத்துக்கொள்கிறார் சுந்தரர். மச்சம் என்பார்கள், மாதிரித் துண்டு. குளத்தில் கிடைத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. மறுபடி பாடுகிறார், மாற்றுச் சரியாகிறது. உரைத்துப் பார்த்த பிள்ளையார் மாற்றுரைத்த பிள்ளையார் என்ற பேரோடு கமலாலயக் கரையில் இருக்கிறார். தோழனென்று உரிமை கொண்டாடிய இறைவனிடம்கூட ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை ஒப்படைத்திருக்கிறார் மனிதர். அதில் இறைவனுக்குக் கோபம் வந்ததாகக் கதை இல்லை. அப்படியென்றால் நான் எண்ணியதில் என்ன பிழை? இதை எனக்குச் சாதகமாகப் பல நாள் வைத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, சுந்தரர் குறையைத் தோழனிடமே கேட்டார்; நான் ஒரு பெண்மணி எழுந்து போகும் முதுகுக்குப் பின்னால் எண்ணினேன்.

அம்மா மச்சம் வெட்டவில்லை, அப்படியே கொடுத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். உப்புத் தண்ணீர் சொட்டியது. உள்ளே பொலித்தீன் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் அவருடைய தேசிய அடையாள அட்டை. அதைத் துடைத்து அடுப்போரம் காய வைத்தார். எங்கள் போன்களையும் பணத்தையும் மோதிரத்தையும் முன்பின் தெரியாதவர் மடியில் வைத்தவர், அந்த அட்டையை மட்டும் கடலுக்குள் கொண்டு போயிருக்கிறார்.

ஏன் என்று அவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் தாத்தா ஒரு தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றுகளையும் தோட்டத்துத் துண்டுகளையும் சேர்த்து வைத்திருந்தார். 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை நகரம் எரிந்தபோது, ராத்திரி தேயிலைக்குள் ஒளியப் போன பாட்டி தூக்கிப் போனது அந்தப் பெட்டியைத்தான். பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அம்மாவின் கைக்கு அந்த அட்டை வந்தது. அதற்குள் அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன் தொலைந்தால் போன் வாங்கலாம்.

ஆக, அவரும் ஒரு துண்டை வெட்டி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை ஒப்படைத்தார். எங்கள் சாமான்கள் அவருக்குப் பெரிதாகப் படவில்லை என்று இதற்குப் பொருளா? அப்படியென்றால் அவர் காட்டியது நம்பிக்கையும் இல்லை, அலட்சியம். இப்படி யோசிக்கும்போது எனக்கு மறுபடி கோபம் வருகிறது. வந்த வேகத்தில் வெட்கமும் வருகிறது.

இப்போது கடலுக்கோ ஆற்றுக்கோ போனால் நான் எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன். மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்கிறேன். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், வெளியில் இறுக்கமாக இருக்கிற மோதிரம் உள்ளே போனதும் வழுக்கிவிடும். போன் போடுகிற நீர்புகா உறைக்குள் முதலில் ஒரு துண்டு டிஷ்யூ கடதாசியை வைத்து வாளியில் முக்கிப் பார்க்கிறேன். பணம் அன்றைக்குத் தேவையானது மட்டும். கரையில் முறை போட்டுக் காவல் இருக்கிறோம், அம்மாவுக்கு முறை கிடையாது. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். என் முறை வரும்போது மட்டும் மாணிக்க கங்கைக் கரை திரும்பி வந்துவிடுகிறது. கைகளையே பார்க்கிறேன்.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அந்தம்மாவ நம்பித்தான் குடுத்தீங்களா?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார். "எந்தம்மா?"

சொன்னேன். ஞாபகம் வந்தது. "கால் நனையணும்னு இருந்திச்சு. பக்கத்தில அவ இருந்தா. அவ்வளவுதான்."

"வாச்ச ஏன் கையில கட்டியிருந்தாங்க?"

"நான்தான் கட்டிவிட்டேன். பைக்குள்ள மண்ணு போயிருமேன்னு."

"உள்பக்கமாத் திருப்பி யாரு கட்டினது?"

"அதெல்லாம் யாருக்குடா ஞாபகம்?"

நமுனுகுலை என்றால் ஒன்பது முகடு என்று பொருள் சொல்வார்கள். சின்ன வயதில் லயத்து வாசலில் நின்று எண்ணுவேன். நாலு, ஐந்து வரும். அதற்குள் மேகம் இறங்கிவிடும். ஒன்பதையும் ஒரே நேரத்தில் நான் இன்றுவரை எண்ணி முடித்ததில்லை.

அம்மாவிடம் கேட்ட அன்று இரவு அந்தப் பழைய கடிகாரத்தை எடுத்தேன். ஓடவில்லை, வார் மட்டும் நன்றாக இருக்கிறது. கையில் கட்டி, குலுக்கிப் பார்த்தேன். அப்பாவின் கடிகாரம் என் கையில் திரும்பிக்கொண்டதுபோல, தொளதொளவென்று தானாக உருண்டிருக்குமோ என்று ஒரு நப்பாசை. உருளவில்லை. ஆனால் என் கை பருமன். அந்தப் பெண்மணியின் கை எவ்வளவு பருமன் என்று நான் பார்க்கவில்லை. அன்று நான் பார்த்தது கடிகாரத்தை மட்டும்தான்.