அடக்கமும் மவுனமும் ஒன்றா?



இந்த மாதம் நான் எழுதுகிறதை வாசித்துவிட்டு, "பாஸ்டர், இதையெல்லாம் சபைப் பத்திரிகையில் போடணுமா?" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. நான் எடுத்துக்கொண்டதே அந்தக் கேள்வியைத்தான். நம்முடைய வாலிபப் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே "அடக்கமாயிரு" என்று சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல போதனைதான். ஆனால் அந்தப் பிள்ளை அதை எப்படிக் காதில் வாங்குகிறாள்? "வலிச்சாலும் சொல்லாதே, பயந்தாலும் சொல்லாதே, யாராவது கண்ட இடத்தில் தொட்டாலும் சொல்லாதே" என்றுதான் வாங்குகிறாள். அடக்கமும் மவுனமும் ஒன்றுதானா? வேதம் அப்படிச் சொல்லுகிறதா?

சரீரத்தின் காரியத்தில் ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி நின்றபடியே சுருண்டு விழுந்தாள். (எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று யாரும் யோசிக்க வேண்டாம்.) உடனே இரண்டு பேர் ஓடிவந்து, அசுத்த ஆவி என்று அதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு சகோதரி இருந்தார். அவர் பிள்ளையின் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 6.8. வயதுக்கு வந்த பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஒரு வருஷமாய் மாதவிலக்கு ஒவ்வொரு தடவையும் பத்து, பன்னிரண்டு நாள் நிற்காமல் போயிருக்கிறது. அம்மாவிடம் ஒரே ஒரு முறை வாயெடுத்திருக்கிறாள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று அந்தத் தாய் முடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், தேறிவிட்டாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்த ஆவி வெட்கம்தான் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதேயுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் தேசத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஞாயிறு ஆராதனையில் பாயில் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், படித்தது மனதில் நிற்காது. நாமோ "சோம்பேறி" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, "அது சூடு, வயித்தைப் புரட்டும்" என்று சொல்லித் தூக்கிப்போட வைக்கிற தாய்மார் உண்டு. சாப்பிட்டபின் போட்டால் புரட்டல் குறையும். மலம் கறுப்பாய்ப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையினால் வருகிறது. கூடவே டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதைச் சேர்த்துக்கொடுக்கும்.

யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடெழுப்பினதை எத்தனை தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! அவளுக்கு 12 வயது. "எழுந்திரு" என்பதோடு நாங்கள் பிரசங்கிமார் அல்லேலூயா சொல்லி நிறுத்திவிடுகிறோம். எல்லாரும் பிரமித்து நிற்கையில் ஆண்டவர் சொன்ன இன்னொரு காரியம், அந்தச் சிறுபெண்ணுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதான் (மாற்கு 5). மரணத்தை ஜெயித்தவருக்கு அவள் வயிறு ஞாபகம் இருந்தது. நம் வீடுகளில் கடைசியாய்ச் சாப்பிடுகிறது யார்? அப்பாவுக்கு, அண்ணனுக்கு, தம்பிக்கு, பிறகு சட்டியில் மிச்சம். ஒரே ஒரு முட்டை இருந்தால் அது யார் தட்டுக்குப் போகிறது?

அதே அதிகாரத்தில்தான் பெரும்பாடுள்ள ஸ்திரீயும் வருகிறாள். அவளுக்கு 12 வருஷ வியாதி. யவீருவின் வீட்டில் அந்தப் பிள்ளை பிறந்த வருஷமே இவளுக்கு உதிரம் போக ஆரம்பித்திருக்கிறது. கைப்பணமெல்லாம் வைத்தியருக்குக் கொடுத்தும் சுகமில்லை. லேவியராகமச் சட்டத்தின்படி அவள் தொட்டால் தீட்டு. ஆண்டவர் அவளைச் சுகமாக்கியபின் போகவிட்டிருக்கலாமே! நின்று, தொட்டது யார் என்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் இதைப் பேசலாமா என்று அவர் கேட்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "மகளே" என்று கூப்பிட்டார். இன்றைக்கும் அந்த நாட்களில் கர்த்தருடைய பந்திக்கு வராமல் பின்னால் உட்காருகிற பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளே, உங்களை யாரும் பின்னால் உட்காரச் சொல்லவில்லை, முன்னே வாருங்கள்.

"ஜெபித்தாயிற்று, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவது விசுவாசக் குறைவு இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன், கண்ணாலும் கண்டிருக்கிறேன். ஆனால் எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுத்த கர்த்தரின் தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் போடச் சொன்னான். வாலிபனாகிய தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு பவுல் ஜெபத்தை மாத்திரம் எழுதி அனுப்பவில்லை. இதற்கு மேல் நான் விவாதிக்கப் போவதில்லை.

மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள் நம் மத்தியில் உண்டு. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாய்ப் பணம் என்று சொல்லி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் பிள்ளைகளைச் சேர்த்த "சுமங்கலித் திட்டம்" உங்களுக்குத் தெரியும். 2019-ல் ஒரு செய்தி நிறுவனம் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் இருந்த ஏறக்குறைய 100 பெண்களிடம் விசாரித்து எழுதியது: மாதவிலக்கு வலி என்று சொன்னால், பெயர்கூட அச்சிடாத மாத்திரையைக் கையில் கொடுத்து மிஷினுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது என்ன மாத்திரை என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டுமானால், கேட்கிற வாயை வீட்டிலேயே நாம் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

இப்போது கஷ்டமான காரியத்துக்கு வருகிறேன். நான் வேதாகமக் கல்லூரியில் படிக்கையில், தாவீதின் பாவத்தைச் சொல்லுகிற 2 சாமுவேல் 11-ம் அதிகாரத்துக்குப் பக்கம் பக்கமாய்க் குறிப்பு எழுதினோம். 13-ம் அதிகாரத்தை ஒரே வகுப்பில் தாண்டிவிட்டார்கள். அது தாமாரின் அதிகாரம். அம்னோன் வியாதிக்காரன் மாதிரி படுத்துக்கொண்டான். பணியாரம் செய்து கொடுக்கும்படி தாமாரை அவன் வீட்டுக்கு அனுப்பினதே தகப்பன் தாவீதுதான். குற்றவாளி வெளியாள் இல்லை, பாருங்கள். அவள் வேண்டாம் என்று சொன்னாள், கெஞ்சினாள், இது இஸ்ரவேலில் அடுக்காத காரியம் என்று நியாயம் பேசினாள். அவன் கேட்கவில்லை. பிறகு அவளைத் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். தாமார் தலையில் சாம்பலைப் போட்டு, வஸ்திரத்தைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டு தெருவில் போனாள். அவள் மவுனமாயிருக்கவில்லை! அவளைப் பேசாதிருக்கச் சொன்னது கூடப்பிறந்த அப்சலோம். அவன் உன் சகோதரன்தானே, மனதில் வைக்காதே என்கிற விதமாய்ச் சொன்னான். தாவீது ராஜா கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொன்றான். வீடு உடைந்தது, பிறகு ராஜ்யமும் உடைந்தது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற மூடி வைத்த காரியம் எதைக் காப்பாற்றியது?

"சபைக்குக் கெட்ட பேர் வந்திடும், நாமே உள்ளுக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம் பாஸ்டர்" என்று சொல்லுகிறவர்கள் 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவார்கள். அங்கே பவுல் பேசுகிறது சகோதரர் ஒருவரையொருவர் வஞ்சித்து, அற்பக் காரியங்களுக்குக் கோர்ட்டுக்குப் போனதைப் பற்றி. நஷ்டத்தைச் சகித்துக்கொள் என்று அவர் சொல்லுகிறது தன் சொந்த நஷ்டத்தைத்தான். ஒரு சிறுபிள்ளைக்கு நடந்த அக்கிரமத்தை அவளுக்குப் பதிலாக நாம் எப்படிச் சகித்துக்கொள்ள முடியும்? தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரிகளைத் தேவன் வைத்திருக்கிறார் என்று ரோமர் 13-ல் எழுதினவரும் அதே பவுல்தான்.

சட்டம் சொல்லுகிறதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. பாஸ்டருக்கு விதிவிலக்கு இல்லை. ஆகவே ஜெபக்குறிப்பாக இப்படி ஒன்றை என்னிடம் சொன்னால், ஜெபித்துவிட்டு ரகசியமாய் வைத்துக்கொள்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயப்படுகிற தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்லுகிறேன்: பிள்ளை இருக்கிற வீட்டுக்கே வந்து, கூடியவரை பெண் அதிகாரியே, யூனிபார்ம் இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், அடையாளம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக்கூடாது. சிறுபிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இரண்டும் இலவச நம்பர். வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இதிலே நிறமும் வருகிறது. தன்னை அற்பமாய் எண்ணுகிற பிள்ளை தன் வலியையும் அற்பமாய்த்தான் எண்ணும், "எனக்கு நடந்ததை யார் பெரிசா எடுத்துக்கப் போறாங்க?" என்று இருந்துவிடும். அவளை அப்படி எண்ண வைத்தது யார்? "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை" என்று விளம்பரம் கொடுக்கிறது புறஜாதியார் இல்லை, நாம்தான். (அபிஷேகத்துக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தக் கல்லூரியிலும் எனக்கு யாரும் விளக்கவில்லை.) 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-ல் "ஃபேர்" என்கிற வார்த்தையை எடுத்துவிட்டது, நம் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் எடுக்கவில்லை. டாக்டர் சீட்டில்லாமல் கடையில் வாங்கி முகத்தில் தடவுகிற ஸ்டீராய்டு களிம்புகளால் தோல் மெலிந்து, பரு வந்து, முகத்தில் முடி முளைத்துத் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. உன்னதப்பாட்டில் வெயிலில் கறுத்த பெண் தன் நிறத்தையும் தன் அழகையும் ஒரே மூச்சில் சொல்லுகிறாளே! அவள் கறுத்தது சகோதரர்களின் திராட்சத்தோட்டத்தில் வேலை செய்து.

அப்படியானால் பேதுரு அமைதியான ஆவியைப் பற்றி எழுதினது? அந்தக் கிரேக்க வார்த்தையைத்தான் பவுல் 1 தீமோத்தேயு 2-ல், எல்லா விசுவாசிகளும் அமைதலாய் ஜீவிக்க வேண்டும் என்று சொல்லும்போது போடுகிறார். ஆண்களுக்கு அது வாய்ப்பூட்டு என்று யாரும் அர்த்தம் சொல்லுகிறதில்லை. சேலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் ஆசரிப்புக்கூடார வாசலில், மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று தங்கள் காரியத்தைப் பேசினார்கள். அவர்கள் சொல்லுகிறது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார் (எண். 27). அன்னாளை ஏலி ஆசாரியன் வெறித்தவள் என்று நினைத்தபோது, அவள் தலைகுனிந்து போய்விடவில்லை. மரியாதையாய், தெளிவாய்ப் பதில் சொன்னாள். அவர்களுடைய அடக்கத்துக்கு என்ன குறைச்சல்?

மூப்பர்களோடு பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற மாதம் முதல் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு, நர்ஸ் வேலை பார்க்கிற நம் சகோதரி ஒருவரும், டீச்சராய் இருக்கிற ஒரு சகோதரியும் ஜெப அறையில் உட்கார்ந்திருப்பார்கள். வாலிபப் பெண்பிள்ளைகள் தனியாக வரலாம், அம்மாவோடும் வரலாம். என்ன பேசினார்கள் என்று எனக்கும் சொல்லமாட்டார்கள், சட்டப்படி சொல்லியே ஆகவேண்டிய காரியத்தைத் தவிர. சகோதரர்கள் அந்த நேரத்தில் வாசல் பக்கம் நின்று யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்க வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டிலும் நிற்க வேண்டாம்.