பதவி போனாலும் பொறுப்பு போகாது

பதவியை விட்டு விலகும் ஒருவர் தம் வசமிருந்த கணக்குகளையும் பதிவேடுகளையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தல் சட்டம் விதிக்கும் கடமை என்பதை யாவரும் அறிவோம். தாம் அநீதியாக விலக்கப்பட்டதாகக் கருதுகின்ற ஒருவரையும் அக்கடமை கட்டுப்படுத்துமா? நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இதுவே.

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலம். 1980 நவம்பரில் தமிழகமெங்கும் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தந்தைக்குப் பின் மகன் பார்த்துவந்த வேலை பல குடும்பங்களை விட்டுப் போயிற்று. அவர்கள் வழக்காடினர்; ஒழிப்புச் செல்லும் என 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவர்களுடைய மனக்குறையை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆயினும், வீட்டிலேயே வைத்து எழுதப்பட்டுவந்த சிட்டாவும் அடங்கலும் யாருடையவை? எழுதிய கை கர்ணத்தினுடையது. எழுதப்பட்ட செய்தியோ ஊராருடையது. மலையடிவாரக் கண்மாய்களை நம்பிய உழவன் எந்தப் புல எண்ணில் என்ன பயிரிட்டான், எந்த நீரைப் பாய்ச்சினான் என்பதற்கு அடங்கல் சாட்சி. வசதியுள்ளவரிடம் பத்திரமும் நகலும் இருக்கும், வழக்கறிஞரும் கிடைப்பார். ஏழைக்கு அந்த ஒரு வரியே துணை. ஆகவே, ஏட்டை மறைப்பவர் அரசைத் தண்டிப்பதாக நினைத்தாலும், அடி விழுவது உழவன்மீதே.

ஆட்சி எல்லைகளும் நிலையானவையல்ல. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910இல் இராமநாதபுரத்தோடு சேர்ந்தது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. நிலம் நின்ற இடத்திலேயே நின்றது. பொறுப்பேற்ற அலுவலகங்களே மாறின. அத்தனை மாற்றத்திலும் ஒருவனுடைய உரிமை அறுபடாதிருக்க வேண்டுமாயின், ஒவ்வொரு கையும் அடுத்த கைக்குக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும்.

மத்திய அரசின் ஆவணங்களை விதிமீறி அழிப்போருக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கின்றது. அமெரிக்காவில், குடியரசுத் தலைவரின் அலுவல் ஆவணங்கள் நாட்டின் உடைமையே என்று 1978இல் சட்டம் செய்தனர். ஆனால், சட்டம் ஏட்டைத்தான் வாங்கித் தரும். எது முடிந்தது, எது நிலுவை, எவருடைய மனு எங்கே நிற்கின்றது என்று எடுத்துச் சொல்லும் மனத்தை அது வாங்கித் தராது. பட்டியலில் இருவரும் கையொப்பமிட்ட பின்னும் ஒப்படைப்பு அரைகுறையாக நின்றுவிடக்கூடும்.

அமானிதம் என்று நாம் வழங்கும் சொல்லின் பொருள் இங்கேதான் விளங்குகின்றது. நம்பி வைத்த பொருளைத் திருப்பித் தருகையில், இடையிலிருப்பவரோடு நமக்குள்ள பிணக்கைக் காரணம் காட்டுதல் தகாது. பதவியிழந்தவரின் வழக்கு அரசோடு. ஏடோ குடிமக்களின் அமானிதம். அதனை முழுமையாக ஒப்படைத்துவிட்டு நீதிமன்றப் படியேறுபவரின் முறையீட்டுக்கே வலிமை மிகுதி. பிறர் உரிமையைப் பிணையாக வைத்துத் தம் உரிமையைக் கேட்பவர், தாம் பட்டதாகச் சொல்லும் அநீதியையே இன்னொருவருக்கு இழைத்தவராகிறார்.