நாற்காலியை விட்டு எழுந்து வாருங்கள்!

திருவாடானைக்கு மாறுதல் வந்துவிட்டதா?

"தண்ணியில்லாக் காட்டுக்கா போறீங்க?" என்று யாராவது கேட்டார்களா? முகம் வாடிவிட்டதா?

நிமிருங்கள்!

2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத்தில் மூன்றாம் இடம் யாருக்கு? இதே இராமநாதபுரம் மாவட்டத்துக்கு! 96.36 விழுக்காடு!

நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைக் கைதூக்கிவிட 2018இல் மத்திய அரசு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று விருதுநகர், மற்றொன்று இது. அந்தப் பட்டியலில் இருந்துகொண்டே இந்தப் பிள்ளைகள் முன்வரிசைக்கு ஓடி வந்திருக்கிறார்கள்.

அவர்கள் ஓடுகிறார்கள். நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

நீங்கள் வட்டாரக் கல்வி அலுவலர். தொண்டியில் வலை இழுப்பவரின் மகள் உங்கள் பொறுப்பு. வானம் பார்த்த வயலில் நெல் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பவரின் மகன் உங்கள் பொறுப்பு. கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுக் கரி எடுப்பவரின் பிள்ளையும் உங்கள் பொறுப்புதான்.

இவர்களுக்காக இன்று காலை என்ன செய்தீர்கள்?

மேலிருந்து வந்த சுற்றறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். "மிக அவசரம்" என்று மேலே ஒரு வரி சேர்த்தீர்கள். எமிஸ் பதிவேற்றம் முடிந்ததா என்று தலைமை ஆசிரியர்களைத் தொலைபேசியில் விரட்டினீர்கள். அதற்குள் மாலை ஆகிவிட்டது.

இதற்குப் பெயர் தலைமையா? தபால்காரர்கூடக் கடிதத்தை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறாரே!

"நிதி இல்லை சார்" என்கிறீர்களா?

நெ.து. சுந்தரவடிவேலுவைக் கேளுங்கள்! செங்கற்பட்டுச் சீமையின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். பள்ளித் துணை ஆய்வாளராக ஊர் ஊராய் அலைந்தவர். இன்று நீங்கள் செய்யும் வேலைக்கு மிக நெருக்கமான வேலை அது! 1954இல் அவர் பொதுக்கல்வி இயக்குநர் ஆனார்.

அவர் கையில் கஜானா சாவியா இருந்தது? இல்லை!

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று அன்றைய முதலமைச்சர் காமராசருக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். அரசுப் பணம் வரட்டும் என்று காத்திருந்தார்களா? 1956இல் மதிய உணவு தொடங்கியபோது ஊர்மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் காசும்தான் முதலீடு. அரசின் பங்கு பிறகுதான் வந்து சேர்ந்தது.

1958இல் கடம்பத்தூர் வட்டாரத்தில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பிறந்தது. "உங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும்? உங்களால் எதைத் தர முடியும்?" என்று ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். கரும்பலகை வந்தது. பெஞ்சு வந்தது. கடிகாரம் வந்தது. கட்டடம் வந்தது. பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது!

அந்த மக்களிடம் பணம் கொட்டிக் கிடந்ததா? இன்றைய திருவாடானையைவிட ஏழைகள் அவர்கள்!

இன்னொன்றையும் மறக்காதீர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1953இல், ஒரு கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. யாரையும் கேட்காமல் கோட்டையிலிருந்து இறங்கிய உத்தரவு. மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே அது போய்விட்டது.

ஒன்று ஊரின் தலைமேல் இறங்கியது. மற்றொன்று ஊரின் தோளில் ஏறி நடந்தது. உங்கள் திட்டம் இதில் எந்த வகை? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

உங்களுக்கு அவர்களைவிடக் கூடுதல் ஆயுதம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள்.

"கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை" என்கிறீர்கள்.

எப்போது கூட்டினீர்கள்? படகு கடலுக்குப் போன நாளில் கூட்டம் வைத்தால் நம்புதாளையில் எந்தத் தகப்பன் வருவான்? அறுப்பு மும்முரமாக நடக்கும்போது கூப்பிட்டால் எந்தத் தாய் அரிவாளைக் கீழே வைப்பாள்? கடலுக்கு ஒரு கணக்கு உண்டு. வயலுக்கு ஒரு கணக்கு உண்டு. அவற்றைப் படித்துவிட்டுத் தேதியும் நேரமும் குறியுங்கள். சாயங்காலம் வையுங்கள். புதுமை என்று பெரிய பெரிய வார்த்தைகள் பேசுகிறார்களே, இதைவிடப் பெரிய புதுமை எனக்குத் தெரியவில்லை!

சரி, உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம்.

பயம்!

ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணை வந்துவிடுமோ? மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார்களோ? செய்தது தவறிப்போனால் யார் பொறுப்பு?

இந்தப் பயம் உங்களோடு நிற்பதில்லை. உங்களிடமிருந்து தலைமை ஆசிரியருக்கு இறங்குகிறது. அவரிடமிருந்து ஆசிரியருக்கு. கடைசியில் பிள்ளையின் மேல் போய் உட்காருகிறது. நீங்கள் ஆய்வுக்குப் போகும் நாளில் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஏன் கடைசி வரிசைக்குப் போகிறது? யோசித்தீர்களா? உங்கள் வண்டிச் சத்தத்துக்குப் பயந்து!

பயத்துக்கு மாற்று எது? இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்றோர் ஆசிரியர் இருந்தார். பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. திட்டினாரா? இல்லை! கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளையே காட்டினார். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு பையன் அப்துல் கலாம். தன் வாழ்க்கையின் திசை அங்கேதான் பிறந்தது என்று அவரே பிற்பாடு பலமுறை சொன்னார்.

இன்று உங்கள் வட்டாரத்தில் ஓர் ஆசிரியை, பிள்ளைகளைக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"யார் அனுமதி கொடுத்தது?" என்றா? "பாதுகாப்புக்கு யார் வர வேண்டும், வண்டிக்கு என்ன ஏற்பாடு, நானும் வரட்டுமா?" என்றா?

முதல் கேள்வியைக் கேட்டால் அந்த ஆசிரியை இனி எதையும் கேட்க மாட்டார். பத்து ஆண்டுகள் பாடப்புத்தகத்தை மட்டும் வாசித்துவிட்டு ஓய்வுபெறுவார். இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளியிலிருந்து இன்னொருவர் வருவார்!

தோற்கலாம். ஒரு முயற்சி படுத்துவிடலாம். படுத்தால் என்ன? "நான்தான் சரி என்றேன், பொறுப்பு என்னுடையது" என்று ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். ஒருமுறை நின்று பாருங்கள்! உங்கள் ஆசிரியர்கள் உங்களுக்காக மலையைப் புரட்டுவார்கள்.

நாளை எந்தப் பள்ளிக்குப் போகிறீர்கள்?

நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளியா? அங்கேதான் எல்லாரும் போகிறார்களே! பேருந்து போகாத ஊரின் ஈராசிரியர் பள்ளிக்குப் போங்கள். சொல்லாமல் போங்கள். பதிவேட்டைக் கேட்காதீர்கள். கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் கூடவே வாசியுங்கள்.

பிறகு அந்த ஆசிரியரைத் தனியே அழைத்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்!